சரோயன்: ஒரு தந்தை பெயரும் அதைச் சுமந்தவர்களும்

பெயரின் முடிவில் 'யன்' என்றோ 'இயன்' என்றோ வருமானால் அதற்கு உரியவர் ஆர்மீனியர் என்று பெரும்பாலும் துணிந்து கூறிவிடலாம். பெட்ரோசியன் என்பவர் பெட்ரோஸின் வழிவந்தவர். கிரிகோரியன் என்பவர் கிரிகோரின் வழிவந்தவர். 'இன்னாரைச் சேர்ந்தவர்' என்பதே அவ்விகுதியின் பொருள். முன்னே நிற்பது எப்போதும் ஒரு தந்தையின் பெயராகவே இருக்கும் என்பதில்லை, தொழிற்பெயரும் வருவதுண்டு. தெர்சியன் தையற்காரர் வீட்டுப் பிள்ளை. பொயாஜியன் சாயக்காரர் வீட்டுப் பிள்ளை. இவ்விரண்டிலும் முற்பகுதி துருக்கியர் வழங்கிய சொல், பிற்பகுதி ஆர்மீனிய விகுதி. வடநாட்டில் நமக்குச் சட்டை தைத்துத் தரும் 'தர்ஸி'யும் தெர்சியனும் பாரசீகச் சொல் ஒன்றின் இரு கிளைகளே என்பதை அறியும்போது, உலகம் அவ்வளவு பெரிதன்று என்று தோன்றுகிறது.

ஆர்மீனியர் நமக்குப் புதியவருமல்லர். சென்னையில் அவர்கள் வாணிகம் செய்து வாழ்ந்த தெருவை நம் மக்கள் 'அரண்மனைக்காரன் தெரு' என்றே அழைத்தனர். அங்கே அரண்மனையும் இல்லை, அரசனும் இல்லை; 'ஆர்மீனியன்' என்ற சொல் தமிழ் நாவில் பட்டு அடைந்த உயர்வு அது. உலகிலேயே முதன்முதலாக ஆர்மீனிய மொழியில் ஓர் இதழ் வெளிவந்ததும் 1794-இல் சென்னையில்தான். அதன் பெயர் 'அஸ்தரார்'. நடத்தியவர் ஹருத்யூன் ஷ்மவோனியன் என்ற பாதிரியார். அவர் பெயரிலும் ஒரு தந்தை, ஷ்மவோன், அதாவது சைமன், நிற்பதைக் காண்க.

நமக்கோ குலப்பெயர் என்ற வழக்கம் வலுவாக இல்லை. தந்தையின் பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கி முன்னே வைத்துக்கொள்கிறோம். மகன் தலையெடுத்ததும் அந்த எழுத்து மாறிவிடுகிறது. பாட்டனார் பெயர் ஏட்டிலிருந்து நீங்கிவிடுகிறது. பணிப்பதிவேடுகளோடு காலம் கழிக்கும் என் போன்ற எழுத்தர்களுக்கு இதன் விளைவு நன்கு தெரியும். படிவத்தில் 'குலப்பெயர்' என்ற கட்டத்தைக் கண்டதும் தமிழர் திகைப்பர். சிலர் ஊரை எழுதுவர், சிலர் தந்தை பெயரை விரித்தெழுதுவர், சிலர் ஒரு கோடு இழுத்துவிடுவர். ஆர்மீனியர் நிலை இதற்கு நேர்மாறானது. என்றோ வாழ்ந்த ஒரு தந்தையின் பெயர் உறைந்து நின்றுவிட்டது; அவர் யார் என்பது பேரப்பிள்ளைகளுக்கும் தெரியாது; பெயரை மட்டும் இறக்கி வைப்பதற்கில்லை. இவ்வாறு இறக்கி வைக்கவியலாத ஒரு பெயரிலிருந்து ஓர் எழுத்தாளன் எதைப் பெற்றான், அதை விட்டு விலகிய இடத்தில் எதை இழந்தான் என்பதே இக்கட்டுரை ஆராய முற்படுவது. அவ்வெழுத்தாளர் வில்லியம் சரோயன்.

சரோயன் என்றால் சரோவின் வழியினர். சரோ என்பது ஆர்மீனியர் செவிக்கு இனிமையும் துயரமும் கலந்த பெயர். ஹோவன்னஸ் தூமன்யனின் 'அனுஷ்' என்ற கதைக் கவிதையில் வரும் இளம் ஆயனின் பெயரும் அதுவே. காதலியின் தமையனை மற்போரில் ஊரார் முன்னே வீழ்த்தி, நட்பின் மரபை மீறிய குற்றத்திற்காக அவன் கையாலேயே மடிகிறான் அவன். வில்லியம் சரோயனின் முன்னோராகிய சரோ இன்னார் என்று நமக்குத் தெரியாது. ஆனால் அவர் தந்தை ஆர்மெனாக் சரோயனைப் பற்றித் தெரியும். பித்லிஸ் என்ற மலையூரிலிருந்து அமெரிக்கா வந்த அவர் சமயப் போதகர், எழுத்தார்வம் உடையவர். 1908 ஆகஸ்டு 31-இல் கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் பிறந்த வில்லியமே அக்குடும்பத்தில் அமெரிக்க மண்ணில் பிறந்த முதற்பிள்ளை. 1911-இல் தந்தை இறந்தார். மூன்று வயதுக் குழந்தை உடன்பிறந்தாரோடு ஓக்லந்தில் ஓர் அனாதை இல்லத்தில் விடப்பட்டது. தாய் வீட்டு வேலைக்குப் போனார். ஏறத்தாழ ஐந்தாண்டுகளுக்குப் பிறகே குடும்பம் மீண்டும் பிரெஸ்னோவில் ஒன்றுகூடியது. தந்தை விட்டுச்சென்ற எழுத்துகளைத் தாய் எடுத்துக் காட்டியபோதுதான் தாமும் எழுத்தாளராவது என்று சிறுவன் உறுதி கொண்டான். முகம் நினைவில்லாத தந்தையிடமிருந்து அவனுக்கு வந்த உடைமைகள் இரண்டே: சில தாள்கள், ஒரு பெயர்.

1940-இல் வெளிவந்த 'என் பெயர் ஆரம்' என்ற கதைத்தொகுதியை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். நூலின் தலைப்பே பெயரைப் பற்றியது. கதை சொல்லும் சிறுவன் ஆரம் காரோக்லானியன். 'கறுப்புப் பையன்' எனப் பொருள்படும் துருக்கியச் சொல்லின்மேல் ஆர்மீனிய விகுதி ஏறி அமைந்த பெயர் இது. இந்நூலில் தந்தை அரிதாகவே தலைகாட்டுகிறார். பக்கங்களை நிறைப்பவர்கள் பாட்டனார், பாட்டி, ஒன்றுவிட்ட சகோதரர்கள், இவர்களுக்கெல்லாம் மேலாக 'அங்கிள்'மார். இந்த 'அங்கிள்' மாமனா, சிற்றப்பனா, பெரியப்பனா? ஆங்கிலம் வாய் திறவாது. தமிழில் பெயர்க்கப் புகுபவர் முதல் வரியிலேயே முடிவு செய்தாக வேண்டும். முடிவு செய்துவிட்டால் மூலத்தின் ஒரு மயக்கம் கலைந்துவிடும். இறந்த ஒரு தந்தையின் இடத்தில் ஒரு குலமே திரண்டு வந்து நிற்பதுதான் இந்நூல். அவர்களை ஒன்றாகக் கட்டும் கயிறு குலப்பெயர்.

'அழகிய வெள்ளைக் குதிரையின் கோடைக்காலம்' என்ற முதற்கதை நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்குத் தெரிந்ததே. மத்தியக் கல்வித் திட்டத்தின் பதினோராம் வகுப்பு ஆங்கிலத் துணைப்பாட நூலில் அது சேர்க்கப்பட்டிருந்தது. பாடமாகப் படித்த காரணத்தால் அதன் நுட்பம் தவறியிருக்கவும் கூடும். ஆரத்துக்கு வயது ஒன்பது, மூராதுக்குப் பதின்மூன்று. வறுமை வாட்டும் குடும்பம். ஆனால் பொய் சொல்லார், திருடார் என்று பல தலைமுறையாகப் பெயரெடுத்த குடும்பம். அப்படிப்பட்ட வீட்டுப் பையன் விடியற்காலையில் வெள்ளைக் குதிரையோடு வந்து நிற்கிறான். குதிரை ஜான் பைரோ என்ற உழவருடையது. ஒரு நாள் பைரோ வழியில் சிறுவர்களையும் குதிரையையும் காண்கிறார். வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். பல்லுக்குப் பல் தம் குதிரையாகவே இருக்கிறது. ஆயினும் சிறுவர்களின் பெற்றோரை அவர் அறிவார். அந்தக் குடும்பத்தின் நாணயத்தை அறிவார். ஆகவே இது தம் குதிரையின் இரட்டையாகத்தான் இருக்கவேண்டும் என்று சொல்லிப் போய்விடுகிறார். மறுநாள் காலை குதிரை கொட்டிலுக்குத் திரும்பிவிடுகிறது.

திருடனைக் காப்பாற்றியது எது? குலப்பெயர். திருட்டை முடித்து வைத்தது எது? அதே குலப்பெயர். பைரோ உண்மையாகவே நம்பினாரா, நம்பியதுபோல் நடந்துகொண்டாரா என்பதைச் சரோயன் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது அவர் கலையின் உச்சம் என்பேன். கண்டித்திருந்தால் அது நீதிக்கதையாக முடிந்திருக்கும். பைரோ ஓர் அசிரியர், தனிமை தாளாமல் ஆர்மீனிய மொழி பேசக் கற்றவர் என்பதையும் கவனித்தல் வேண்டும். நாடிழந்த ஒருவர் நாடிழந்த வேறொருவருக்குக் காட்டும் மரியாதை அங்கே இருக்கிறது.

அசிரியர்கள் சரோயனிடம் முன்பே வந்திருக்கிறார்கள். 1934-இல் வெளிவந்த அவருடைய முதல் தொகுதியில் 'எழுபதாயிரம் அசிரியர்கள்' என்று ஒரு கதை. கதை என்பதற்கில்லை, சான் பிரான்சிஸ்கோவில் ஒரு முடிதிருத்தும் கடையில் நடைபெறும் உரையாடல், அவ்வளவே. முடிதிருத்துபவர் பதல் என்ற அசிரியர். உலகில் எஞ்சியிருப்போர் எழுபதாயிரம் பேரே என்கிறார். தம் மொழியைப் படிக்கத் தெரியாது; படித்து என்ன ஆகப்போகிறது என்கிறார். பழைய நாட்டை மறக்கவே முயல்கிறார். கேட்டுக்கொண்டிருப்பவரும் சின்னஞ்சிறு இனத்தவர். அவருடைய இனத்தவர் 1915-இல் தொடங்கிய படுகொலையில் இலட்சக்கணக்கில் மாண்டவர்கள். ஆயினும் அவர் தம் துயரைப் பெரிதாக்கிக் காட்டவில்லை. இருபத்தைந்து வயதில் இப்படியொரு அடக்கம் எளிதில் வாய்ப்பதன்று.

'மாதுளை மரங்கள்' கதைக்கும் இந்த அடக்கமே உயிர். மெலிக் என்ற உறவினர் மலையடிவாரத்தில் 680 ஏக்கர் பாலையை வாங்குகிறார். அதில் மாதுளந்தோப்பு அமைக்கக் கனவு காண்கிறார். 20 ஏக்கரில் கன்றும் நடுகிறார். நீர் இல்லை, பணமும் இல்லை. கடைசியில் 11 பெட்டிப் பழங்கள் சிகாகோவுக்குப் போகின்றன. மாதுளை என்றால் என்னவென்றே அறியாத அந்த நகரில் கேட்ட விலை கிடைக்காமல் பெட்டிகள் திரும்பி வருகின்றன. நிலமும் கைவிட்டுப் போகிறது. தாம் பிறந்த மண்ணின் பழத்தைப் புதிய மண்ணில் விளைவிக்க முடியும், விற்க முடியாது என்பதை இதைவிடச் சிக்கனமாக எவரும் சொன்னதில்லை. இங்கே ஒரு வேடிக்கை: சரோயனும் அவருடைய உறவினர் ராஸ் பக்தசாரியனும் 1939-இல் சேர்ந்து எழுதிய பாட்டு ஒன்று, பழங்களை அடுக்கி விருந்துக்கு அழைப்பது, 1951-இல் ரோஸ்மேரி குளூனி பாடி நாடெங்கும் ஒலித்தது. பழம் விலைபோகவில்லை; பழத்தைப் பற்றிய பாட்டு விலைபோயிற்று. பக்தசாரியனோ பின்னர்த் தம் குலப்பெயரை மறைத்து டேவிட் செவில் என்ற பெயரில் புகழ் பெற்றார்.

'ஆரம்' நூலிலும் எனக்கு ஒரு குறை உண்டு. அக்காலத்துப் பிரெஸ்னோவில் ஆர்மீனியருக்கு வீடு விற்கலாகாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்த பகுதிகள் இருந்தன. அந்த அவமதிப்பின் கசப்பு இந்நூலில் ஏறக்குறைய இல்லை. சிரிப்பால் மூடிவிட்டார். அகதியாக வந்தவர்களின் முதல் தலைமுறைப் பிள்ளைகள் விருந்தினர் முன்னே வீட்டுத் துயரைப் பேசமாட்டார்கள். அந்த நாகரிகம் மனிதனுக்கு அழகு. எழுத்தாளனுக்கு முழுவதும் அழகாகாது.

1943-இல் வந்த 'மனித நாடகம்' என்ற நாவலைப் பலர் அவருடைய சிறந்த நூலாகக் கூறுவர். அந்தக் கருத்துக்கு நான் உடன்படவில்லை. தந்தையிழந்த குடும்பம்; தந்தி கொடுக்கும் வேலைக்குப் போகும் பதினான்கு வயது ஹோமர்; போரில் இருக்கும் அண்ணன். இளமையில் பிரெஸ்னோவில் தந்தி சுமந்தவர் சரோயன். ஆகவே கதை அவர் வாழ்விலிருந்தே எழுந்தது. ஆனால் ஊர் இதாக்கா ஆகிவிட்டது. குடும்பம் மக்காலி ஆகிவிட்டது. முதலில் திரைப்படத்துக்காக எழுதப்பட்ட கதை இது. சிறந்த கதைக்கான ஆஸ்கார் பரிசையும் பெற்றது. போர்க்காலத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவான ஒரு வீட்டைக் காட்ட விரும்பினார் என்று அவர் சார்பில் வாதிடலாம். வாதம் நியாயமானதே. ஆயினும் விளைவைப் பாருங்கள். பைரோ குதிரையின் பல்லைப் பார்த்துவிட்டு ஓரிரு சொல்லோடு நடந்துவிட்டார். இங்கோ தாயும் ஆசிரியையும் அலுவலக மேலாளரும் பக்கம் பக்கமாக அன்பைப் போதிக்கிறார்கள். குலப்பெயர் செய்த வேலையைப் பிரசங்கம் செய்ய வேண்டியதாயிற்று. எவருக்கும் உரியதாக்க எண்ணி அந்த வீட்டை எவருக்கும் உரியதல்லாததாக ஆக்கிவிட்டார். இடையில் அரா என்ற ஆர்மீனிய மளிகைக்கடைக்காரர் தம் சிறு மகனோடு வரும் சில பக்கங்கள் மட்டும் திடீரென்று உயிர்பெற்று எழுகின்றன.

1940-இல் தமக்கு அளிக்கப்பட்ட புலிட்சர் பரிசை, கலைக்கு வணிகம் மதிப்புப் போடலாகாது என்று மறுத்தவர் அவர். அத்தகையவர் இந்த நாவலில் அமெரிக்காவை மகிழ்விக்க முயன்றதுதான் வருத்தம் தருகிறது.

அவர் 1964-இல் பித்லிஸ் சென்றார். தந்தையின் ஊர் அங்கே இருந்தது. தந்தையின் மக்கள் இல்லை. அந்தப் பயணத்தை வைத்து 1975-இல் 'பித்லிஸ்' என்ற சிறு நாடகம் எழுதினார். 1981 மே 18-இல் பிரெஸ்னோவில் இறந்தார். அவர் சாம்பலில் ஒரு பாதி கலிபோர்னியாவிலும் மறுபாதி ஆர்மீனியத் தலைநகர் யெரவானிலும் அடக்கம் செய்யப்பட்டன.

பெயர் அவரோடு நிற்கவில்லை. 1943-இல் பிறந்த மகனுக்குத் தம் கதைச் சிறுவனின் பெயரையே சூட்டினார்: ஆரம் சரோயன். மகள் லூசி சரோயன் நடிகையானார், 2003-இல் மறைந்தார். ஆரம் கவிஞரானார். தந்தை ஆறாக ஓடும் சொற்களால் எழுதினார்; மகன் ஒரே ஒரு சொல்லால் ஆன கவிதையால் பெயர் பெற்றார். பார்வைக்கு எழுத்துப் பிழைபோல் தோன்றும் அக்கவிதைக்கு அரசுக் கலை நிதியிலிருந்து பணம் வழங்கப்பட்டதை எதிர்த்து அமெரிக்க நாடாளுமன்றத்திலேயே கூச்சல் எழுந்தது. தந்தை இறந்த மறு ஆண்டு, 1982-இல், அவருடைய கடைசி நாட்களைப் பற்றி அவர் ஒரு நூல் வெளியிட்டார். அது புகழ்மாலையன்று, அருகில் இருந்தும் எட்டாத தந்தையைப் பற்றிய கணக்குத் தீர்ப்பு. மூன்று வயதில் தந்தையை இழந்தவர் தந்தையாக இருக்கக் கற்கவில்லை என்பதை மகனே எழுதவேண்டி வந்தது. அந்த நூலின் அட்டையில் ஆசிரியர் பெயராகவும், உள்ளே குற்றம் சாட்டப்படுபவரின் பெயராகவும் நிற்பது சரோயன் என்ற ஒரே பெயர்.