௶-ம் எமோஜியும்

எமோஜி பற்றி எங்கே படித்தாலும் ஒரே கதைதான். 1999-ல் ஷிகெடக்கா குரிட்டா, டொகோமோ நிறுவனத்தின் ஐ-மோட் சேவைக்காக 12க்கு 12 புள்ளிக் கட்டத்தில் 176 சின்னங்களை உருவாக்கினார், எமோஜி பிறந்தது. 2016-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவற்றைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. இந்தக் கதையில் எனக்கு இரண்டு குறை.

ஒன்று, 'முதல்' என்பது. 1997-லேயே ஜே-ஃபோனின் ஸ்கைவாக்கர் கைபேசியில் 90 சின்னங்கள் இருந்தன. இன்று எல்லோரும் சிரிக்கும் அந்த மலக்குவியல்கூட அதிலேயே உண்டு.

இரண்டு, எமோஜி என்றாலே உணர்ச்சி என்ற நினைப்பு. ஜப்பானிய மொழியில் 'எ' என்றால் படம், 'மோஜி' என்றால் எழுத்து. 'எமோஷ'னோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. குரிட்டாவின் தொகுப்பில் முகங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மிச்சமெல்லாம் வெயில், மழை, ரயில், ஓட்டல், ராசி. சின்னத் திரையில் ஒரு சொல்லை ஓர் எழுத்தாகச் சுருக்கும் வேலை அது. சுவரில் மாட்டிப் பார்த்தால் அந்த வேலை தெரியாது.

இது எனக்குப் பழகிய வேலை. பாலவனத்தத்தில் தாத்தாவின் கணக்கு நோட்டு இருக்கிறது. மல்லி, மிளகாய், பருத்தி விற்ற கணக்கு. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸.

உடனே 'எமோஜியைத் தமிழன் அப்பவே கண்டுபிடிச்சுட்டான்' என்று வாட்ஸப்பில் தட்டிவிடாதீர்கள். இவை படங்கள் அல்ல, எழுத்தைச் சுருக்கி இழுத்தவை. ஒப்புமை பயனில் மட்டும்தான்.

உறுத்துவது வேறு. இந்தக் குறிகள் யூனிகோடில் ஏறியது 2003-ல். எமோஜி கூட்டமாக ஏறியது 2010-ல். ஜப்பானில் ஒரு நிறுவனத்தின் சின்னம் இன்னொன்றின் கைபேசியில் சரியாக வராமல் ஜனங்கள் அவதிப்பட்டார்கள். அந்தப் புழக்கம்தான் அவற்றை யூனிகோடுக்குத் தள்ளியது. நம்முடையவை புழக்கம் போன பிறகு இடம்பிடித்தவை. 2019-ல் உழக்கு, பதக்கு, வேலி, ஏன் எங்கள் புன்செய்க்குமே குறி ஏறிவிட்டது. என் கைபேசியில் அது வெறும் கட்டமாகத்தான் வருது.

அப்பா ௶-ஐ வரவு என்று வாசித்துவிட்டு, தாத்தா ஊரெல்லாம் கடன் வாங்கியே செத்தார் என்று வெகுநாள் நம்பியிருந்தார். போன மாசம்தான் உட்கார்ந்து பக்கம் பக்கமாகச் சரிபார்த்தோம். தாத்தா வாங்கவில்லை, கொடுத்திருக்கிறார்.

அப்பா ரொம்ப நேரம் பேசல.