கணக்கில் வராத உழைப்பு

மனித உடலின் அசைவிலிருந்து மின்சாரம் எடுத்துக் கைப்பேசி, வானொலி, கைவிளக்கு போன்றவற்றுக்கு மின்னேற்றும் கருவிகள் கடந்த முப்பது ஆண்டுகளாகப் பரிசுகளையும் பாராட்டுகளையும் பெற்று வந்திருக்கின்றன. அவை தரும் மின்சாரம் மிகக் குறைவு என்ற பழைய குற்றச்சாட்டுக்கு, மின்கம்பி எட்டாத ஊர்களில் சிறுதுளியும் பெருவெள்ளமே என்றும், செலவில்லாமல் கிடைப்பதைக் குறைசொல்வது வசதி படைத்தோரின் வழக்கம் என்றும் ஆதரவாளர்கள் விடை கூறுகின்றனர். இவ்விடையின் முற்பகுதி விவாதத்துக்குரியது; செலவில்லை என்ற பிற்பகுதியோ அடிப்படையிலேயே பிழையானது.

இக்கருவிகளுக்கு உரிய இடம் உண்டு. அணிந்தவரின் கையசைவிலேயே இயங்கும் கைக்கடிகாரமும், மிதிவண்டிச் சக்கரத்தில் உரசிச் சுழலும் டைனமோவும், வேறு காரணத்துக்காக நிகழும் அசைவிலிருந்து சிறிதளவே எடுத்துக்கொள்வதால் பெருஞ்சுமையாவதில்லை. ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் பரவுவதைப் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றைக் கண்டு 1991இல் டிரெவர் பெய்லிஸ் என்ற ஆங்கிலேயர் உருவாக்கத் தொடங்கிய, சுருள்வில்லை முறுக்கி இயக்கும் வானொலி, பேட்டரி வாங்க இயலாதோரிடம் செய்தியைக் கொண்டுசேர்த்த நல்ல கருவி. வானொலிக்கு மிகக் குறைந்த மின்சாரமே போதும் என்பதுதான் அதற்குத் துணைநின்றது.

திறன்பேசியின் நிலை வேறு. இன்று பரவலாக விற்கும் 5,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏறத்தாழ 19 வாட்-மணி ஆற்றல் அடங்கும். ஒரு வாட் வீதம் ஒரு மணி நேரம் செலவாகும் ஆற்றலே ஒரு வாட்-மணி எனப்படும். கையால் சுழற்றும் கருவி இடைவிடாமல் 5 வாட் தருவதாகத் தாராளமாக வைத்துக்கொண்டாலும், அந்தப் பேட்டரி நிரம்ப ஏறக்குறைய நான்கு மணி நேரம் சுழற்ற வேண்டும். திறன்பேசி மின்சாரத்தை இழுக்கத் தொடங்கியதும் கைப்பிடி கனக்கிறது. கை சற்றுத் தளர்ந்தால் மின்னழுத்தம் குறைந்து திரையில் சார்ஜ் குறி மறைகிறது, மீண்டும் விரைந்தால் தோன்றுகிறது. ஒவ்வொரு முறையும் ஒளிரும் திரையே வந்த மின்சாரத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது.

கையைவிடக் கால் வலியது என்பதால் மிதித்து இயக்கும் கருவிகள் முன்வைக்கப்படுகின்றன. இந்தியாவில் பிறந்த அமெரிக்கத் தொழிலதிபர் மனோஜ் பார்கவா 2015இல் உலகுக்குக் காட்டிய ‘ஃப்ரீ எலக்ட்ரிக்’ மிதிவண்டி, ஒரு மணி நேரம் மிதித்தால் ஒரு சிற்றூர் வீட்டுக்கு ஒரு நாள் மின்சாரம் கிடைக்கும் என்ற உறுதிமொழியுடன் வந்தது. உடல்நலமுள்ள ஒருவர், தனிப்பயிற்சி இல்லாமல், ஒரு மணி நேரம் தொடர்ந்து தரக்கூடியது நன்றாகப் போனால் 100 வாட். ஆகவே கிடைப்பது, இடையில் ஏற்படும் இழப்புகளைக் கழிக்காமலேயே, 100 வாட்-மணி, அதாவது ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. பழைய வகை மின்விசிறி அதை ஒன்றரை மணி நேரத்துக்குள் தீர்த்துவிடும். உணவின் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கையே தசைகள் இயக்கமாக மாற்றுகின்றன என்பதால், அந்த ஒரு மணி நேரத்துக்கு உடல் செலவழிப்பது சுமார் 350 கிலோ கலோரி, அதாவது 100 கிராம் அரிசியின் ஆற்றல். ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோ அரிசி என்பதே இந்த இலவச மின்சாரத்தின் விலை. அதே 100 வாட்-மணியை 20 வாட் சோலார் தகடு ஒன்று, நல்ல வெயிலுள்ள நாளில், எவர் வியர்வையையும் கேட்காமல் தந்துவிடும்.

விலையைக் காட்டிலும் கவலைக்குரியது, அதைச் செலுத்துவோர் யார் என்பது. உடற்பயிற்சியும் ஆயிற்று, மின்சாரமும் ஆயிற்று என்ற வாதம் உணவு மிகுந்தோருக்கே பொருந்தும். அவர்கள் வீட்டில் மின் இணைப்பு ஏற்கெனவே இருக்கிறது. தண்ணீர் சுமந்து, விறகு பொறுக்கி, வயலில் உழைத்துத் திரும்பும் பெண்ணுக்கு இக்கருவி தருவது இன்னுமொரு வேலையையே. சிறுவரைக் குறிவைத்த வடிவமைப்புகள் இன்னும் மோசமானவை. கணினி அறிஞர் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே 2005 நவம்பரில் துனிசியாவில் காட்டிய, சிறுவருக்கான நூறு டாலர் மடிக்கணினியின் புகழில் பாதி, சுழற்றி மின்னேற்றும் அதன் பக்கவாட்டுக் கைப்பிடிக்கு உரியது. உற்பத்திக்கு வந்த கணினியின் உடலிலோ அக்கைப்பிடி இல்லை. ஹார்வர்டு மாணவியர் உருவாக்கிய ‘சாக்கெட்’ பந்தை அரை மணி நேரம் உதைத்தால் சிறு விளக்கு மூன்று மணி நேரம் எரியும் என்றனர். 2013இல் தான்சானியாவில் அமெரிக்க அதிபர் ஒபாமாவே அதைத் தலையால் முட்டிக் காட்டினார். பின்னர், பந்துகள் விரைவில் பழுதாவதாகப் புகார்கள் எழுந்தன. பழுதைத் திருத்திவிடலாம்; குழந்தையின் விளையாட்டை வீட்டு விளக்குக்கான கடமையாக்கும் எண்ணத்தைத் திருத்த வழியில்லை.

பெய்லிஸின் வானொலியைத் தொடர்ந்து வந்த வடிவங்களே சோலார் தகட்டைச் சேர்த்துக்கொண்டன; செய்தவர்கள் உணர்ந்ததைப் பாராட்டுவோர் உணரவில்லை. புயல்நாளுக்கான அவசரப் பெட்டியில் கைச்சுழற்சிக் கருவி ஒன்று இருக்கட்டும். ஆனால் அதை ஏழை ஊர்களுக்கான மின்திட்டமாக முன்வைப்போரிடம், எத்தனை வாட் என்று கேட்பதற்கு முன், எவர், எத்தனை மணி நேரம், எதை உண்டு உழைக்க வேண்டும் என்று பரிசுக் குழுக்கள் கேட்க வேண்டும். அதற்கு விடை தராத கருவிக்குப் பரிசு தரலாகாது.