தித்தலிக் கதையும் பாலைநிலத் தவளையும்

ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களிடம் வழங்கிய கதைகளுள் உலகத்துச் சிறுவர் நூல்களில் மிகுதியும் இடம்பிடித்துக்கொண்டது தித்தலிக் என்னும் தவளையின் கதையே எனலாம். தித்தலிக் ஒருநாள் அடங்காத தாகத்தோடு கண்விழிக்கிறது. குட்டையைக் குடிக்கிறது, ஓடையைக் குடிக்கிறது, ஆற்றையும் ஏரியையும் குடித்து முடித்து மலைபோல் வீங்கி உட்கார்ந்துவிடுகிறது. நீரின்றி மரஞ்செடிகள் வாடுகின்றன. விலங்குகள் மடியத் தொடங்குகின்றன. தவளையைச் சிரிக்கவைத்தால் வாய் திறக்கும், வாய் திறந்தால் நீர் வெளிவரும் என்று விலங்குகள் கூடி முடிவு செய்கின்றன. ஒவ்வொன்றும் தனக்குத் தெரிந்த கோமாளித்தனத்தையெல்லாம் செய்து பார்த்துத் தோற்கிறது. கடைசியில் விலாங்கு மீன் வாலை ஊன்றி எழுந்து, வளைந்து நெளிந்து ஆடுகிறது. தவளை வாய்விட்டுச் சிரிக்கிறது. குடித்த நீரெல்லாம் கொட்டுகிறது.

நல்ல கதை. வகுப்பில் நான் இதைச் சொன்னபோதெல்லாம் விலாங்கு மீன் ஆடும் இடத்தில் சிரிக்காத பிள்ளையைக் கண்டதில்லை. கதையைக் குறை கூறுவது என் நோக்கமன்று. கதை முடிந்தபின் நூலின் கடைசிப் பக்கத்தில் ஒட்டப்படும் 'அறிவியற் குறிப்பு' ஒன்றிருக்கிறதே, அதைத்தான் இங்கே ஆராய விரும்புகிறேன். ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் நீரைக் குடித்து வயிற்றில் தேக்கிக்கொண்டு மண்ணுக்குள் பல்லாண்டு உறங்கும் தவளை உண்டென்றும், அதைக் கண்டே பழங்குடியினர் இக்கதையைப் புனைந்தனர் என்றும், பொறுமைக்கும் சிக்கனத்துக்கும் அத்தவளை எடுத்துக்காட்டு என்றும் இக்குறிப்புகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதுபோல் கூறிச் செல்கின்றன. இதில் இடம் பொருந்தவில்லை; உடற்கூறு பொருந்தவில்லை; தவளைக்குச் சூட்டப்பட்ட குணமும் பொருந்தவில்லை.

முதலில் இடம். தித்தலிக் கதைக்கு உரியவர்கள் விக்டோரியா மாநிலத்தின் தென்கிழக்கிலுள்ள கிப்ஸ்லாந்துப் பகதியில் வாழும் குனாய்குர்னாய் மக்கள். கிப்ஸ்லாந்து மலையும் ஆறும் பெரிய ஏரிகளும் கடற்கரையும் உடைய பசுமையான நாடு. குறிப்புகளில் வரும் தவளையோ உள்நாட்டு வறண்ட நிலத்துக்குரியது. கிப்ஸ்லாந்திலிருந்து பலநூறு கிலோமீட்டர் தொலைவு சென்றால்தான் அதைக் காணலாம். ஒரு கரையோர மக்களின் கதையை எடுத்து, அவர்கள் நாட்டில் இல்லாத ஓர் உயிரைக் கொண்டு விளக்குவது, காவிரிக்கரைக் கதையை இமயமலைக் கரடியைக் காட்டி விளக்குவதற்கு ஒப்பாகும். 'பழங்குடியினர்' என்று பொதுப்பெயரால் எழுதிவிட்டால் எல்லா இடமும் ஓரிடமாகிவிடுகிறது. வெவ்வேறு மொழியும் வெவ்வேறு நாடும் உடைய பல மக்களினங்கள் அங்கே உண்டு என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

கதையும் முழுமையாக வந்து சேரவில்லை. 1878-ஆம் ஆண்டில் ப்ரோ ஸ்மித் என்பவர் வெளியிட்ட விக்டோரியாப் பழங்குடியினர் பற்றிய தொகுப்பில் இக்கதையின் பழைய வடிவம் ஒன்று காணப்படுகிறது. அதில் தவளை சிரித்ததும் பெருவெள்ளம் எழுகிறது. பலர் மூழ்கி மாள்கின்றனர். எஞ்சியோரைக் கூழைக்கடா என்னும் பறவை படகேற்றிக் காப்பாற்றுகிறது. இன்றைய பதிப்புகள் பலவற்றில் ஆறுகள் நிரம்பி எல்லாரும் மகிழ்வதோடு கதை முடிந்துவிடுகிறது. 1980-இல் ராபர்ட் ரோன்ஃபெல்ட் வரைந்து எழுதிய படநூல் வெள்ளத்தைத் தலைப்பிலேயே வைத்திருப்பது பாராட்டத்தக்கது. வறட்சியும் வெள்ளமும் ஒரே வாயிலிருந்து வருகின்றன என்பதல்லவா அக்கதையின் வலிமை! அதைக் கழித்துவிட்டுச் சிரிப்பை மட்டும் வைத்துக்கொள்வதால் கதை இளைத்துப்போகிறது.

இனித் தவளையைப் பார்ப்போம். 1873-ஆம் ஆண்டில் ஆல்பர்ட் குந்தர் என்னும் அறிஞர் இதற்கு அறிவியற் பெயரிட்டார். இன்று பெரிதும் வழங்கும் பெயர் சைக்ளோரானா பிளாட்டிசெபலா என்பது. பின்பாதிக்குத் தட்டைத் தலையுடையது என்று பொருள். கண்கள் சிறியவை, தலையின் மேற்புறமாக அமைந்தவை. பின்கால் விரல்களை முழுமையாக இணைக்கும் சவ்வு உண்டு. மண்ணுக்குள் வாழும் உயிருக்கு நீச்சற்கால் எதற்கு என்று ஒரு மாணவன் கேட்டால், அவன் பாதி உண்மையைப் பிடித்துவிட்டான் என்று ஆசிரியர் மகிழலாம். மழை பெய்து களிமண் பள்ளங்களில் நீர் தேங்கும் சில வாரங்களே இதன் வாழ்வு. அந்நாட்களில் இது நீரில் நீந்தி இரைதேடும் உயிர். அந்த வாழ்வுக்கு அமைந்த உடல் இது.

குறிப்புகள் 'குடித்து' என்கின்றன. தவளை வாயால் நீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோலின் வழியே நீரை உறிஞ்சிக்கொள்கிறது. ஈரமண்ணில் வெறுமனே அமர்ந்தாலே போதும். தித்தலிக் வாயால் குடித்து வாயால் கொட்டுவது கதைக்கு அழகு; அறிவியற் குறிப்பு அதையே திருப்பிச் சொல்வது அழகாகாது. உறிஞ்சிய நீர் வயிற்றிலும் தங்குவதில்லை. அதன் பெரும்பகுதி சேர்ந்திருக்கும் இடம் சிறுநீர்ப்பை. அது மிக நீர்த்த சிறுநீர். வயிறு என்று எழுதுவது நாகரிகம் கருதிப் போலும். நம் பிள்ளைகள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள், பிறகு நெடுநாள் மறக்கமாட்டார்கள். தவளையின் உடல் எடையில் பாதிக்கும் மேற்பட்ட அளவு நீரை அந்தப் பை தாங்கும். மண்ணுக்குள் கிடக்கும் காலத்தில் உடல் அந்த நீரைச் சிறிது சிறிதாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

பள்ளம் வற்றத் தொடங்கியதும் தவளை பின்காலால் மண்ணைத் தள்ளிப் பின்புறமாக இறங்குகிறது. பாதத்தில் மண்வெட்டிபோல் தடித்த புடைப்பு ஒன்று உண்டு. சேற்றுக்கடியில் சிறு அறையொன்று அமைத்து, கால்களை உடலோடு ஒடுக்கிக் குந்திக்கொள்கிறது. அதன்பின் நடப்பதே மிக நுட்பமானது. மற்றத் தவளைகள் பழைய தோலை உரித்துத் தின்றுவிடும். இதுவோ உரிந்த தோலைக் களையாமல் அப்படியே உடலைச் சுற்றி வைத்துக்கொள்கிறது. அதன்கீழ் இன்னோர் அடுக்கு, அதன்கீழ் மற்றோர் அடுக்கு. அடுக்குகளுக்கிடையே உடலின் கோழை பசையாக நிற்கிறது. நாளடைவில் மெல்லிய காகிதம்போன்ற உறையொன்று உடல் முழுவதையும் மூடிவிடுகிறது. மூக்குத்துளைகள் மட்டுமே திறந்திருக்கும். நீர் வெளியேறுவதை இவ்வுறை பெரிதும் தடுக்கிறது.

உறைக்குள் தவளையின் உயிர்ச்செலவு, விழித்து ஓய்ந்திருக்கும் நிலையோடு ஒப்பிடும்போது, ஐந்தில் நான்கு பங்கு வரை குறைந்துவிடுகிறது. இந்தத் தவளையின் நெருங்கிய உறவான சைக்ளோரானா அல்போகட்டாட்டா என்னும் தவளையைக் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். 9 மாதம் அசையாது கிடந்த தவளையின் கால்தசை பெரும்பாலும் குன்றாமலே இருந்தது. எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டவர் கட்டை அவிழ்க்கும்போது கால் எப்படிச் சூம்பியிருக்கிறது என்பதை நாம் அறிவோம். சில வாரங்களிலேயே அந்நிலை. தவளையின் தசை கெடாமலிருப்பதன் காரணத்தை மருத்துவ அறிஞர்களும் ஆவலோடு நோக்குவது இயல்பே. ஆனால் அதே தவளை தன் குடலைச் சுருங்கவிட்டுவிடுகிறது! இரை இல்லாத காலத்தில் குடலுக்குத் தீனி போடுவது வீண்செலவு. கால் உடனே வேண்டும்; குடல் முதல் இரை வந்தபின் வளர்ந்தால் போதும்.

இங்கேதான் 'பொறுமை' என்னும் பாராட்டை நான் ஏற்கத் தயங்குகிறேன். ஒரு மாணவன் தேர்வுக்குப் படிக்காமல் உறங்கினால் அதைப் பொறுமை என்போமா? உறங்குகிற உயிருக்குப் பொறுமையும் இல்லை, பொறுமையின்மையும் இல்லை. தவளையின் திறமையெல்லாம் விழித்திருக்கும் நாட்களில் இருக்கிறது, அந்நாட்களில் அதைப்போல் அவசரக்காரன் வேறில்லை. மேலே வரவேண்டும், இணையைக் கூவி அழைக்கவேண்டும், முட்டையிடவேண்டும், கிடைக்கும் பூச்சியையும் பிற தவளையையும் தின்று கொழுக்கவேண்டும், பள்ளம் காய்வதற்குள் நீரோடு இறங்கிவிடவேண்டும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் ஆண்டு மழை சராசரியாக 280 மில்லிமீட்டர் அளவே. நம் நாட்டில் சில மாதங்களில் ஒரே மாதத்தில் அவ்வளவும் பெய்துவிடும். அந்த 280-ம் ஆண்டுதோறும் தவறாமல் வருவதன்று. ஓராண்டு கொட்டும், மறு ஆண்டு கைவிரிக்கும். குறிப்பெழுதுவோர் ஒன்பது பங்கை உறக்கத்துக்கும் ஒரு பங்கை விழிப்புக்கும் ஒதுக்குகிறார்கள். நான் எழுதினால் இதைத் தலைகீழாக்குவேன்.

இந்த அவசரத்தின் உச்சத்தை வேறொரு கண்டத்தில் காணலாம். வட அமெரிக்காவின் சொனோராப் பாலைநிலத்தில் வாழும் மண்வெட்டிக்கால் தவளை ஒன்றின் தலைப்பிரட்டைகள் வெப்பமான குட்டையில் ஏறத்தாழ 8 நாட்களில் கால் முளைத்துக் கரையேறிவிடுகின்றன. அத்தவளையை எழுப்புவது ஈரமன்று; மழை தரையில் அறையும் அதிர்வே என்பது 1980-இல் வெளியான ஓர் ஆய்வில் தெரியவந்தது. காய்ந்த மண்ணிலேயே மின்பொறியால் அதிர்வு உண்டாக்கியபோதும் தவளைகள் மேலே வந்துவிட்டன. பாவம், ஏமாந்துபோயின! ஈரம் கீழே இறங்கிவரும்வரை காத்திருந்தால் மேலே குட்டை காயத் தொடங்கிவிடும் என்பது அவற்றின் கணக்கு.

மீண்டும் ஆஸ்திரேலியாவுக்கு வருவோம். பாலைநிலத் தவளை என்றால் உறை போர்த்தி நீர் சேர்ப்பதுதான் வழி என்று குறிப்புகள் நினைக்கச் செய்கின்றன. அதுவும் சரியன்று. மணல்மேடுகளில் வாழும் நொட்டாடென் நிக்கொல்சி என்னும் தவளை உறையே செய்வதில்லை. மணலின் ஆழத்தில் நெடுநாள் ஈரம் நிற்கிறது. அந்த ஈரத்தைத் தேடி இறங்கி, தோலின் வழியே மண்ணோடு கொடுக்கல் வாங்கல் செய்துகொண்டு கிடக்கிறது. களிமண்ணில் அது செல்லாது. களிமண் காயும்போது நீரை இறுகப் பிடித்துக்கொள்ளும், உறையற்ற தவளையிடமிருந்தே நீரைப் பறித்தாலும் பறிக்கும். ஆகவே களிமண்ணுக்கு உறை, மணலுக்குத் திறந்த தோல். மண்ணைச் சொல்லாமல் தவளையைச் சொல்வது எப்படிப் போதும்?

மேற்கு ஆஸ்திரேலியாவில் ஷார்க் விரிகுடாவை ஒட்டிய மணற்குன்றுகளில் அரெனோஃபிரைன் ரொட்டுண்டா என்றொரு தவளை இருக்கிறது. 1976-இல்தான் மைக்கேல் டைலர் அதற்குப் பெயரிட்டார். நீளம் 3 சென்டிமீட்டர் அளவே. மற்றவை பின்னோக்கித் தோண்ட, இது முன்காலால் தலைகீழாகத் தோண்டுகிறது. இதற்குக் குட்டையே தேவையில்லை. மணலுக்கடியில் ஈரமான இடத்தில் முட்டையிடுகிறது. தலைப்பிரட்டைப் பருவம் முட்டைக்குள்ளேயே கழிந்து, குட்டித்தவளையாகவே வெளிவருகிறது. தவளைக்கு நீரும் நிலமும் வேண்டும் என்று பாடநூலில் படித்த பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். எங்கள் பள்ளிக்குப் பின்னால் செம்பனைத் தோட்டத்துக் கால்வாயில் ஆண்டு முழுவதும் தவளை கத்துகிறது. அதையே கேட்டு வளரும் பிள்ளைக்கு, நீரில்லாத இடத்தில் வாழும் தவளை ஒன்றல்ல பலவிதம் என்று காட்டுவதைவிட வேறென்ன நல்ல பாடம் இருக்கமுடியும்? கதையின் வாலாக இரண்டு வரி எழுதி அதை முடித்துவிடுகிறார்கள் என்பதே என் மனக்குறை.

உறங்கும் தவளையைப் பற்றி வியப்பை மிகுத்துப் பேசும் பழக்கம் புதியதன்று. கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் இறைவன் உணவளிக்கிறான் என்று நம்மவர் சொல்வதுபோல், ஐரோப்பியரும் பாறையைப் பிளந்தபோது உயிருள்ள தேரை வெளிவந்ததாகச் சொல்லி வந்தனர். (தேங்காய் கெட்டுப்போனால் அதற்கும் தேரையையே நாம் பழி சொல்கிறோம், அது வேறு.) 1825-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் பக்லண்ட் தேரைகளைச் சுண்ணாம்புக்கல்லிலும் மணற்கல்லிலும் குடைந்த குழிகளில் அடைத்து மண்ணில் புதைத்தார். ஓராண்டு கழித்துத் திறந்தபோது மணற்கல்லில் இருந்தவையெல்லாம் இறந்திருந்தன. நுண்துளைகளுள்ள சுண்ணாம்புக்கல்லில் இருந்தவற்றுள் சில உயிரோடிருந்தன. மீண்டும் மூடப்பட்ட அவையும் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் மாண்டன. தேரைகளுக்கு அது கொடுமையே. ஆனால் உயிருக்குக் காற்றும் நீரும் வேண்டும், உறக்கம் அவற்றை ஒழித்துவிடாது என்பது அன்றே தெரிந்தது.

நீர்த்தவளையைப் பற்றிய அறிவு யாருடையது என்பதையும் நேர்மையோடு சொல்லவேண்டும். 1894-இல் மத்திய ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற ஹார்ன் ஆய்வுக் குழுவில் உயிரியலறிஞராக இருந்தவர் பால்டுவின் ஸ்பென்சர். வறண்டு கிடந்த களிமண் தரையில் தவளை எங்கே புதைந்திருக்கிறது என்று காட்டிக்கொடுத்தவர்கள் அந்நிலத்து மக்களே. நீரற்ற காலத்தில் தவளையைத் தோண்டியெடுத்து, மெல்லப் பிழிந்து, அந்நீரைக் குடித்து அவர்கள் உயிர் காத்துக்கொண்டனர். தரையைப் பார்த்து அடியிலிருப்பதை அறிவது எளிய கல்வியன்று. அக்கல்விக்கு உரியவர்களைத் தித்தலிக் கதைக்குரிய கரையோர மக்களோடு சேர்த்துக் குழப்பி, அவர்களது பட்டறிவைக் கதைக்கு அடிக்குறிப்பாக்குவது இரு சாராருக்கும் இழைக்கும் குறையாகும்.

கடைசியாக ஒரு சொல்லைப் பற்றி. தமிழில் எழுதுவோர் சிலர் இத்தவளைகளைத் 'தேரை' என்கின்றனர். மண்ணில் வாழ்வது தேரை என்னும் எண்ணம் காரணமாகலாம். உயிரியலார் தேரை என்று பிரிக்கும் குடும்பத்தைச் சேர்ந்த எதுவும் ஆஸ்திரேலியாவின் சொந்த உயிரன்று. 1935-இல் கரும்பு வண்டுகளை ஒழிக்க ஹவாயிலிருந்து கொண்டுவரப்பட்ட கரும்புத் தேரை ஒன்றே அங்குண்டு, அது பெருகிப் பெருந்தொல்லையாய் முடிந்தது. நம்மிடமோ மணலில் புதைந்து மறையும் தவளையைக் குறிக்க 'நுணல்' என்று ஒரு சொல் இருக்கிறது. பழமொழி நானூறு அப்பொருளிலேயே அதை ஆண்டிருக்கிறது. மண்ணுக்குள் உறைபோர்த்துக் கிடக்கும் சைக்ளோரானாவை 'நீர்தாங்கு நுணல்' என்றும், உறையின்றி மணலில் கிடப்பதை 'மணல் நுணல்' என்றும் எழுதலாம். என் வகுப்பில் அவ்வாறே கரும்பலகையில் எழுதிவருகிறேன். பிள்ளைகளுக்கு நாவில் தடையின்றி வருகிறது.