நுண்மதிச் சோதனையும் தீவக மக்களும்: ஒரு விமர்சன நோக்கு

உளமருத்துவம் பயில்வோர் கற்றல், ஞாபகம், நுண்மதி ஆகிய மூன்றையும் தனித்தனி அத்தியாயங்களாகவே கற்கின்றனர். நோயாளியின் முன் அமர்கையில் அம்மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. கற்றதையே மனிதன் நினைவில் வைத்திருக்கின்றான். நினைவிலுள்ளதைக் கொண்டே நுண்மதிச் சோதனையின் வினாக்கள் பலவற்றுக்கு விடையளிக்கின்றான். ஆகவே, கற்கும் வாய்ப்பே கிட்டாத ஒன்றை வினவி, விடை வராதவிடத்து அதனை மதிக்குறைவு எனப் பதிந்துகொள்ளும் அபாயம் இச்சோதனைகளின் அடித்தளத்திலேயே உள்ளது. யாழ்ப்பாணத் தீவகத்தை மனத்திற்கொண்டு நோக்குமிடத்து இவ்வபாயம் தெளிவாகப் புலனாகும்.

இச்சோதனைகள் தீய நோக்குடன் பிறந்தவையல்ல. 1905இல் அல்பிரட் பினே, சீமோனுடன் இணைந்து பாரிஸில் அமைத்த அளவுகோல், வகுப்பறையில் பின்தங்கும் பிள்ளைகளை இனங்கண்டு உதவும் பொருட்டே எழுந்தது. நுண்மதி மாறாத அளவினது என்னும் கருத்தைப் பினே வெளிப்படையாகவே மறுத்தார். 1916இல் ரேர்மன் அமெரிக்காவில் அதனைத் திருத்தி நுண்மதி ஈவைப் பரப்பிய பின்னரோ, அது பிறப்போடு வரும் சொத்தாகப் பேசப்படலாயிற்று. உதவிக்கென வந்த கருவி தரம் பிரிக்கும் கருவியாயிற்று.

இன்று முதியோரின் ஞாபகத்தைச் சோதிக்கப் பெரிதும் வழங்கிவருவது, 1975இல் போல்ஸ்ரைனும் பிறரும் வெளியிட்ட குறு உளநிலைப் பரிசோதனையாகும். மொத்தப் புள்ளி 30. 24இற்குக் குறைந்தால் ஐயம் எழும். இதனை நெடுந்தீவின் முதிய மீனவர் ஒருவர் முன் வைத்துப் பார்க்கலாம். என்ன பருவம் என்று வினவினால் அவர் சோளகம் என்பார். வசந்தம், இலையுதிர்காலம் என எதிர்பார்த்திருக்கும் தாளில் அவ்விடைக்கு இடமில்லை. எந்த மாடியில் இருக்கின்றீர் என்பது அடுத்த வினா. பவளக்கல் வேலிகளுக்கிடையே நிலமட்ட வீட்டில் வாழ்ந்தவருக்கு அது வேடிக்கையாகவே தோன்றும். 100இலிருந்து ஏழேழாகக் கழித்தல், வாக்கியம் எழுதுதல், ஐங்கோணங்களைப் பார்த்து வரைதல் ஆகியன பள்ளிக்கூடத்தின் பயிற்சிகள். குறைவாகப் பள்ளி சென்றோர் இச்சோதனையில் குறைந்த புள்ளியே பெறுவர் என்பது ஆய்வாளரும் ஒப்புக்கொண்ட உண்மை. காற்றின் திசை, நீரோட்டம், வெள்ளிகளின் நிலை என அவர் வாழ்நாள் முழுதும் கற்றவற்றிற்கு அத்தாளில் ஒரு புள்ளியும் இல்லை.

லூரியா 1931, 1932ஆம் ஆண்டுகளில் உஸ்பெகிஸ்தானில் இதனையொத்த நிலையைக் கண்டார். பனி சூழ்ந்த வடபுலத்துக் கரடிகள் யாவும் வெண்ணிறத்தவை எனக் கூறி, அங்குள்ள ஓர் ஊரின் கரடியின் நிறத்தை வினவியபோது, எழுத்தறியாத உழவர் சிலர், தாம் காணாததைப் பற்றிச் சொல்ல மறுத்தனர். தருக்கம் இயலாமையா, காணாததைக் கூறலாகாது என்னும் ஒழுக்கமா என்பது விவாதத்திற்குரியது. ஆனால் சிறிதளவு பள்ளிப் பயிற்சி பெற்றோர் எளிதாக விடையளித்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. இதற்கு உஸ்பெகிஸ்தான் வரை செல்ல வேண்டியதுமில்லை. நம் நாட்டின் ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கான நுண்மதி வினாக்கள் தனியார் வகுப்புகளில் மாதக்கணக்கில் பயிற்றப்படுகின்றன. பயிற்சியால் ஏறும் புள்ளியைப் பிறவி மதியென எங்ஙனம் கொள்வது?

இனி ஞாபகம். எபிங்கவுஸ் 1885இல் பொருளற்ற அசைகளை மனனஞ் செய்து, மறதி முதலில் விரைந்தும் பின்னர் மெல்லவும் நிகழ்வதைக் காட்டினார். பாற்லற் 1932இல், நினைவு மீளக் கட்டப்படுவது எனவும் கட்டுவோரின் பண்பாடு அதிற் கலந்துள்ளது எனவும் வாதிட்டார். தீவகத்தின் நினைவுகளுக்கு அசைகளின் வளைகோடு பொருந்தாது. 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு கடலில் மறிக்கப்பட்டுக் குறைந்தது 23 பயணிகள் கொல்லப்பட்டனர். கடற்படையினரே செய்தனர் எனத் தப்பியோர் சாட்சியமளித்தனர். அப்படகு பின்னர் பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் ஓடியது. பாவ்லோவின் கோட்பாட்டின்படி, தீங்கின்றி மீள மீளப் பயணிக்க அச்சம் தணிய வேண்டும். எனினும் அதற்குத் தீங்கின்மை உறுதியாக வேண்டும். 1990இல் தீவகத்தார் பெருந்தொகையாக இடம்பெயர நேர்ந்தது. நெடுவடுவுற்ற ஒருவர் மூன்று சொற்களை ஐந்து நிமிடத்தின் பின் கூற இயலாதிருப்பின், அங்கு குன்றியது ஞாபகமன்றிக் கவனமாகவும் இருக்கலாம். உறக்கமின்மையும் மனச்சோர்வும் கவனத்தையே முதலிற் சிதைக்கின்றன.

இவற்றால் சோதனையே வேண்டாம் என்பது மறுபக்கத் தவறு. அறளை பெயர்ந்துவிட்டது என வீட்டார் ஒதுக்கிவிடும் முதியவர்களுள், தைரொயிட் சுரப்புக் குறைவாலோ விற்றமின் பீ12 குறைவாலோ மனச்சோர்வாலோ தடுமாறுவோரும் உளர். சிகிச்சையால் மீளக்கூடிய இவர்களைக் கண்டறியாது விடுதல், தவறாகப் புள்ளியிடுவதிலும் கொடிது. ஆதலால் பிறரோடு ஒப்பிடாது, அவரது நேற்றோடு இன்றை ஒப்பிடும் வழியே பொருத்தமானது. அவுஸ்திரேலியாவில் ஜோர்மும் ஜாக்கோம்பும் 1989இல் வெளியிட்ட வினாக்கொத்து இவ்வழியினது. பத்தாண்டுகளுக்கு முன்னிருந்த நிலையோடு ஒப்பிட்டு உறவினரே விடையளிப்பர். அதிலும் வீட்டுச் சாதனங்களை இயக்குதல் பற்றிய வினாக்கள் உள்ளன. நெடுந்தீவிலோ நயினாதீவிலோ அவ்விடத்தில் வேறு வினாக்கள் வேண்டும்: வலையின் கிழிசலை முன்போல் பொத்துகின்றாரா, குறிகட்டுவானுக்குப் படகு புறப்படும் நேரத்தை முன்போல் நினைவில் வைத்திருக்கின்றாரா, பேரப்பிள்ளைகளின் பெயர்களை மாற்றிக் கூப்பிடுகின்றாரா, அவ்வாறாயின் எப்பொழுதிலிருந்து?