'குவெட்ச்' என்னும் சொல்லும் அதன் ஆங்கில வாழ்வும்

ஒரு மொழியின் சொல் மற்றொரு மொழியிற் புகுங்கால் அதன் பொருள் முழுதும் உடன் செல்வதில்லை. சென்றது யாது, நின்றது யாது என்று காண்டலே ஆராய்ச்சிக்கு உரியது. அமெரிக்க ஆங்கிலத்தில் உரையாடலிலும் செய்தித்தாளிலும் இன்று எளிதாக வழங்கும் 'குவெட்ச்' என்னும் சொல்லை இந்நோக்கில் ஈண்டு ஆராய்வாம். ஓயாது குறை கூறுதல், அங்ஙனம் கூறுவோன் என்னும் இரு பொருளில் ஆங்கில அகராதிகள் இதனை ஏற்றுள்ளன. யிட்டிஷ் மொழியினின்று வந்ததெனப் பிறப்பும் கூறுகின்றன.

யிட்டிஷ், இடைக்கால ஜெர்மன் கிளைமொழிகளை அடியாகக் கொண்டு, எபிரேயம், அராமியம், சிலாவிய மொழிகள் ஆகியவற்றின் சொற்களை ஏற்று வளர்ந்து, எபிரேய எழுத்தால் எழுதப்படுவது. கிழக்கு ஐரோப்பிய யூதரின் தாய்மொழியாய் விளங்கியது. 1881-க்கும் 1924-க்கும் இடையே அவருள் இருபது இலட்சத்திற்கு மேற்பட்டோர் அமெரிக்காவிற் குடியேறினர். அவர்தம் மக்கள் ஆங்கிலம் பேசத் தலைப்பட்டபோது பழைய மொழியின் சொற்கள் சில வீட்டுப் பேச்சிலும் நகைச்சுவை மேடையிலும் எஞ்சின, பின்னர்ப் பொதுவழக்காயின. 'குவெட்ச்' அவற்றுள் ஒன்று.

இதன் வேர், நசுக்குதல், பிழிதல் எனப் பொருள்படும் 'குவெட்ஷென்' என்னும் ஜெர்மன் வினை. யிட்டிஷிலும் பழத்தை அமுக்கிப் பார்த்தல் முதலிய செயல்களை இவ்வினை குறிக்கும். 'தன்னை' எனப் பொருள்படும் 'சிக்' என்னும் சொல் உடன் சேருங்கால், தன்னைத்தானே நெருக்குதல், முக்குதல், முறையிடுதல் எனப் பொருள் விரியும். மலச்சிக்கலுற்றோன் முக்குதலையும் இத்தொடர் உணர்த்தும். ஆராய்ச்சியில் இதனை மறைத்தல் வேண்டா. நெருக்குவோனும் நெருக்கப்படுவோனும் ஒருவனே என்பதே இத்தொடரின் உயிர். தமிழ் அறிந்தார்க்கு இது புதுமையன்று. 'கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றான்' என்னும் வழக்கில் 'கசக்கு' என்பதும் 'கொள்' என்னும் துணைவினையும் ஏறத்தாழ இப்பணியையே செய்கின்றன.

ஆங்கிலம் இழந்தது இந்தத் 'தன்னை' என்பதனை. ஆங்கிலத்தில் ஒருவன் வானிலையைப் பற்றிக் 'குவெட்ச்' செய்வான். வண்டி காலந்தாழ்ந்து வந்தது பற்றிச் செய்வான். குறை முழுதும் புறத்தே உள்ளது; கூறுவோன் கசங்காது நிற்கிறான். பிழிதற்பொருள் ஆங்கிலத்திற்கு அயலானது ஆதலின் உதிர்ந்தது எனல் பொருந்தாது. 'கிரைப்' என்னும் ஆங்கிலச் சொல்லும் முதற்கண் இறுகப் பற்றுதலைக் குறித்து, பின் வயிற்றுவலியைக் குறித்து, இறுதியிற் குறைகூறுதலைக் குறித்தது. (நம் வீடுகளில் குழந்தைகட்குக் கொடுத்துவந்த 'கிரைப் வாட்டர்' நடுப்பொருளில் நின்றது.) எனவே ஆங்கிலம் கடன் கொண்டது பொருளையன்று, குரலை. 'குவெட்ச்' எனச் சொல்லும்போது சொல்வோன் சிறிது நகைக்கிறான். அந்நகை 'கிரைப்' என்பதில் இல்லை.

இந்நகைக்கு நூல்வடிவம் தந்தாருள் முதன்மையானவர் இலியோ ராஸ்டன். 1968-இல் வெளிவந்த 'யிட்டிஷின் இன்பங்கள்' என்னும் அவர்தம் ஆங்கில நூல், சொல்தோறும் ஒரு வேடிக்கைக் கதையை இணைத்து விளக்குவது. படிக்க இனியது, ஆயின் சொற்களை நகைச்சுவைக்கென்றே பிறந்தனபோற் காட்டிவிட்டது. மைக்கேல் வெக்ஸ் 2005-இல் எழுதிய 'குவெட்ச் செய்யப் பிறந்தோர்' என்னும் நூல் இதனினும் ஆழமுடையது. இரயிலில் ஒரு முதியவர், "ஐயோ, எவ்வளவு தாகமாயிருக்கிறது" என்று ஓயாது முனகுகின்றார். பொறுக்கமாட்டாத ஒருவர் நீர் கொணர்ந்து தருகின்றார். குடித்துச் சற்றே அமைதியுற்ற முதியவர், "ஐயோ, எவ்வளவு தாகமாயிருந்தது" என்று மீண்டும் தொடங்குகின்றார். பலரும் அறிந்த இக்கதையைக் கொண்டே வெக்ஸ் தம் நூலைத் தொடங்குகின்றார். நிகழ்காலம் இறந்தகாலமாயிற்று, முறையீடு மாறவில்லை. காரணம் நீங்கியபின்னும் நிற்பதே 'குவெட்ச்' என அவர் காட்டுவது நுண்ணிது. ஆயின் பாலைநிலத்தில் இசுரவேலர் முறுமுறுத்தது தொட்டு ஓரினத்தின் உலகநோக்கு முழுவதையும் இச்சொல்லின்மேல் ஏற்றுதல் மிகை என்பது எம் கருத்து. ஒரு சொல் அத்துணைச் சுமை தாங்காது.

சொல்லின் உண்மை ஆற்றலை அறிய விழைவார் ஷோலம் அலைக்கெம் 1901-இல் இயற்றிய 'பானை' என்னும் தனிமொழிக் கதையைக் காண்டல் வேண்டும். கோழி விற்று வாழும் கைம்பெண் ஒருத்தி, இறைச்சிப் பானை பால்பட்டுத் தீட்டாயிற்றா என்னும் சமயநெறி ஐயத்தைக் கேட்க ஒரு ரபியிடம் வருகிறாள். வினாவைத் தொடங்குகிறாள், முடிப்பதில்லை. இறந்த கணவன், வாணிகம், குடியிருப்போர் தொல்லை எனப் பேச்சுக் கிளைத்துக்கொண்டே போகிறது. இறுதியில் ரபி மயங்கி விழுகின்றார். படிப்போர் நகைப்பர், நகைத்தல் முறையே. ஆயின் கணவன் இருமலால் இறந்தான் என்பதும், ஒரே மகனும் இருமுகிறான் என்பதும் இடையிடையே அவள் வாயினின்று நழுவுகின்றன. தந்தைக்கு வந்தது மகனுக்கும் வந்ததோ என்னும் அச்சத்தை அவள் நேரே வினவாள். வினவ அஞ்சியே பானையைப் பற்றி வினவுகிறாள். பிழிந்தால் வெளிவருவது இதுவே. இவள் 'குவெட்ச்' செய்கிறாள் என்று இன்றைய ஆங்கிலப்பொருளிற் கூறின், ரபியின் மயக்கம் விளங்கும். அவள் அச்சம் விளங்காது.

அன்றாட ஆங்கிலத்தில் மற்றொரு வேறுபாடும் காணலாம். 'யான் சிறிது குவெட்ச் செய்துகொள்கிறேன்' எனத் தன்மையிற் கூறுவோன் பணிவுடையான். தன் குறையைத் தானே சிறிதாக்கிக் கேட்போன் பொறுமையை வேண்டுகின்றான். அதனையே படர்க்கையில், கூலி குறைந்ததென முறையிடும் தொழிலாளியைப் பற்றிக் கூறின், அவன் வழக்குக் கேளாமலே தள்ளப்படுகிறது. ஒரே சொல் இடம் மாறியவுடன் இன்சொல்லும் வன்சொல்லும் ஆகின்றது. முறையிட்டு முறையிட்டு வாழ்ந்த மக்களின் சொல், பிறர் முறையீட்டை அடைக்கும் கருவியாதல் எம்மால் ஏற்கத்தக்கதன்று.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் யிட்டிஷ் பேசினோர் ஒரு கோடிக்கு மேற்பட்டவர். நாசிகள் கொன்ற அறுபது இலட்சம் யூதருட் பெரும்பாலோர் அவரே. இன்றும் புரூக்ளின், எருசலேம் முதலிய இடங்களில் ஹசிதிய யூதர் வீடுகளில் குழந்தைகள் அம்மொழியையே முதற்கண் பேசுகின்றனர். ஆதலின் அதனை இறந்த மொழி என்றல் பிழை. ஆயினும் ஆங்கிலம் மட்டும் அறிந்தார் பலர்க்கு அம்மொழியிலிருந்து தெரிவன, நகைப்பிற்குரிய இத்தகைய சில சொற்களே.

இச்சொல்லைத் தமிழாக்குவார் ஒரே சொல்லால் அமைதல் இயலாது. அமெரிக்க நாவலில் வருவதற்கு 'அங்கலாய்த்தல்' பொருந்தும். 'முணுமுணுத்தல்' ஒலியளவில் நிற்பது; இதுவோ பிறர் கேட்கவே எழுவது. 'புலம்பல்' இழப்பின் பெருமையைச் சுட்டுவதாகலின் மிகையாம். யிட்டிஷ் மூலத்தில் 'சிக்' என்பதோடு வருமிடத்தில் 'கசக்கு' என்னும் வினையைக் 'கொள்' என்பதனோடு ஆளுதல் நேரிது. பானைக்காரியின் பேச்சை அங்ஙனம் பெயர்த்துப் பார்த்தல் மொழிபெயர்ப்பிற் பயில்வார்க்குத் தக்க பயிற்சியாம்.