பகடை துகில் முதல் எதிர்நீச்சல் வரை: ஒரு ரசிகையின் அபிப்பிராயங்கள்

நான் சீரியல் பார்ப்பவள். இதைச் சொன்னதும் படித்தவர்கள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வரும். கிரிக்கெட்டுக்காக வேலைக்கு லீவு போடுகிற ஆணை ‘ரசிகன்’ என்கிறோம். கட்-அவுட் மேல் ஏறிப் பாலாபிஷேகம் செய்பவனும் ரசிகன்தான். பாத்திரம் கழுவி, அடுப்பு மேடையைத் துடைத்துவிட்டு, இரவு ஒன்பதரைக்கு அரை மணி நேரம் டிவி முன்னால் உட்காருகிற பெண்ணுக்கு மட்டும் ‘சீரியல் பைத்தியம்’ என்று பெயர். அவள் பார்ப்பதைப் பற்றி அவளுக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. எனக்கு நிறைய இருக்கிறது.

என் ஊர் கலசப்பாக்கம். செய்யாற்றங்கரை, மேற்கே பார்த்தால் ஜவ்வாது மலை. இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு டிவி வருவதற்கு முன்பே ஒரு மெகா தொடர் இருந்தது. அதுதான் பாரதக் கூத்து. திரௌபதி அம்மன் கோயில் திருவிழா நாட்களில் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து நடக்கும். பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று இரவுக்கு ஒரு கதை. கடைசியில் துரியோதனன் படுகளம், தீமிதி.

இதில் நான் விட்டுவிடாமல் பார்ப்பது பகடை துகில். துச்சாதனன் வேடம் கட்டியவர் திரௌபதியின் புடவையைத் தொடுவதற்கு முன் கற்பூரம் ஏற்றி அம்மனைக் கும்பிடுவது பல ஊர்களில் வழக்கம். நான் செய்யப்போவது வேடத்துக்காக, என்னை மன்னித்துவிடு என்பதுதான் அதன் அர்த்தம். ஒரு பெண்ணைச் சபையில் அவமானப்படுத்துவது நடிப்பாக இருந்தாலும் ஆபத்தான காரியம் என்று அந்த மேடைக்குத் தெரிந்திருக்கிறது. திரௌபதி சபையைப் பார்த்து நியாயம் கேட்பாள். தன்னையே தோற்றுவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை என்பதே அவள் கேள்வி. பெரியவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் அப்போது தூங்குவதில்லை.

கூத்தைப் புனிதமாக்கிச் சொல்ல வரவில்லை. திரௌபதியாக நின்று கேள்வி கேட்பவர் காலங்காலமாக ஓர் ஆண்தான். பெண்கள் வேடம் கட்டும் குழுக்கள் இன்றும் கொஞ்சமே. கட்டியங்காரன் சிரிப்புக் காட்டுவதற்குக் கையில் எடுப்பது பெரும்பாலும் பெண்ணின் உடம்பையும் நடத்தையையும்தான். கற்பூரம் ஏற்றுவது அம்மனுக்கு. கூத்து முடிந்து விடியற்காலையில் வீட்டுக்கு நடந்துபோகிற பெண்ணுக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. அதனாலேயே விடிய விடியக் கூத்துப் பார்க்கும் சுதந்திரம் வயதான பெண்களுக்குத்தான் வாய்க்கும். மற்றவர்கள் பாதியில் எழுந்து போக வேண்டும்.

அந்தப் பாதியில் எழுந்த பெண்களிடம்தான் டிவி வந்து சேர்ந்தது. 2006இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்க ஆரம்பித்த பிறகு, ஓட்டு வீட்டிலும் குடிசையிலும் ஒரு மேடை வந்தது. வெளியே போக அனுமதி கேட்க வேண்டாம், துணைக்கு ஆள் வேண்டாம். ‘சித்தி’யும் ‘மெட்டி ஒலி’யும் அதற்கு முன்பே பக்கத்து வீட்டு டிவியில் எங்களுக்குப் பழக்கம். 2003இல் தொடங்கி 2009 வரை ஓடிய ‘கோலங்கள்’ அபியை எங்கள் தெருவில் ஒரு சொந்தக்காரியைப் போல விசாரிப்பார்கள். கட்டடத் தொழில் நடத்துகிற, கணவன் விட்டுப்போனாலும் நிமிர்ந்து நிற்கிற பெண் அவள்.

‘கோலங்கள்’ இயக்கிய திருச்செல்வம்தான் 2022இல் சன் டிவியில் ‘எதிர்நீச்சல்’ கொண்டுவந்தார். அண்மை ஆண்டுகளில் தமிழில் வந்த தொடர்களில் அதிகம் விவாதிக்க வேண்டியது இதுதான் என்பது என் கருத்து. மதுரைப் பக்கத்துப் பணக்கார வீடு. மூத்தவன் ஆதி குணசேகரன் வைத்ததே சட்டம். படித்த பெண்களாகப் பார்த்து மருமகளாகக் கொண்டுவந்து சமையலறையில் அடைக்கிறார்கள். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி என்று மூன்று பேர் ஏற்கெனவே உள்ளே. நாலாவதாக வருகிற ஜனனி கேள்வி கேட்கிறாள்.

இந்தத் தொடர் இரண்டு விஷயங்களைச் சரியாகச் செய்தது. ஒன்று, மருமகள்களை ஒருவருக்கொருவர் எதிரியாக்கவில்லை. மாமியார் மருமகள் சண்டை, ஓரகத்தி பொறாமை, விஷம் கலந்த பாயசம் என்று பழகிப்போன திரையில், நாலு பெண்கள் காய் நறுக்கிக்கொண்டே ஆண்களைப் பற்றி நக்கலாகப் பேசுவதைக் காட்டியது. நந்தினியின் வாய்த்துடுக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் குழாயடியில் பேசுகிற துடுக்கு. இரண்டு, சண்டை எதைப் பற்றியது என்பதை மறைக்கவில்லை. அப்பத்தாவின் பெயரில் இருக்கிற நாற்பது சதவீதச் சொத்துதான் அந்த வீட்டு ஆண்களைத் தூங்கவிடாமல் செய்கிறது. கிழவி என்று ஒதுக்கி வைத்தவளின் கையெழுத்துக்காக மொத்தக் குடும்பமும் காத்துக் கிடக்கிறது. 1989இல் தமிழ்நாட்டில் பெண்களுக்குச் சொத்துரிமைச் சட்டம் வந்தது. இன்னும் எத்தனை வீடுகளில் பெண்ணைச் சும்மா கையெழுத்துப் போட வைத்துப் பங்கை விட்டுக்கொடுக்கச் செய்கிறார்கள் என்று யோசித்தால், அந்த நாற்பது சதவீதம் ஏன் அத்தனை பெண்களை இழுத்து உட்கார வைத்தது என்பது புரியும்.

கோளாறு வேறிடத்தில் நடந்தது. குணசேகரனாக நடித்த மாரிமுத்து அசலான நடிகர். எகத்தாளம், பயம், அப்பாவித்தனம் மூன்றையும் ஒரே வசனத்தில் கொண்டுவருவார். மருமகள்களை அவர் அடக்குகிற அதட்டல்கள் மீம்களாகி, கல்லூரிப் பையன்களின் வாயில் சக மாணவிகளை மட்டம் தட்டும் வசனங்களாக வந்து சேர்ந்தன. பெண்களின் கேள்விக்காக எழுதப்பட்ட தொடர், அந்தக் கேள்வியை அமுக்குகிறவனின் ரசிகர் மன்றமாக மாறியது. தொடரும் அந்தப் பக்கமே சாய்ந்தது. சனிக்கிழமை பெண்கள் ஜெயிப்பார்கள், திங்கட்கிழமை மறுபடி சமையலறைக்குள் நிற்பார்கள். அவர்கள் முழுதாக ஜெயித்துவிட்டால் கதை முடிந்துவிடும், விளம்பரமும் நின்றுவிடும்.

இங்கேதான் கூத்தை நினைத்துக்கொள்கிறேன். சபையில் கூந்தலை விரித்துப்போட்டவள் அதை எப்போது முடிவாள் என்று கூத்துப் பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். படுகளத்தில், களிமண்ணால் செய்த துரியோதனன் கிடக்க, கூந்தல் முடிக்கப்படும். அவமானத்துக்கு ஒரு கெடு உண்டு. எழுநூறு அத்தியாயங்களுக்கு மேல் ஓடிய ‘எதிர்நீச்ச’லில் படுகளத்துக்குத் தேதியே குறிக்கவில்லை. 2024 ஜூனில் தொடர் முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் இரண்டாம் பாகம் தொடங்கியது.

2023 செப்டம்பர் 8ஆம் தேதி மாரிமுத்து இறந்தார். எங்கள் தெருவில் பெண்கள் உண்மையாகவே அழுதார்கள். இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 10ஆம் தேதி, சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.ஆர். ரகுமானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சி நடந்தது. மழையால் ஆகஸ்டில் தள்ளிப்போன நிகழ்ச்சி அது. காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் உள்ளேயே போக முடியாமல் திரும்பினார்கள். நெரிசலில் தங்கள் உடம்பின் மேல் கைவைத்தார்கள் என்று பெண்கள் வெளிப்படையாக எழுதினார்கள். அடுத்த நாட்களில் டிக்கெட் பணம், வாகன நெரிசல், நிர்வாகக் குளறுபடி ஆகியவை விரிவாகப் பேசப்பட்டன. பணத்தைத் திருப்பித் தரவும் ஏற்பாடு செய்தார்கள். உடம்பின் மேல் விழுந்த கைகளைப் பற்றிய பேச்சு மட்டும் சீக்கிரம் அடங்கிப்போனது. துச்சாதனன் வேடக்காரர் கற்பூரம் ஏற்றினாரே, இங்கே அதுகூட இல்லை.

எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளை ஒரு கச்சேரிக்குப் போக ஆசைப்பட்டால் டிக்கெட் காசு மட்டும் போதாது. சென்னைக்கு ஐந்து மணி நேரப் பஸ், துணைக்கு ஓர் ஆண், ராத்திரி தங்க ஒரு சொந்தக்காரர் வீடு, எல்லாவற்றுக்கும் மேல் அப்பாவின் சம்மதம். அந்தச் செப்டம்பர் செய்திக்குப் பிறகு நான் கேட்ட பேச்செல்லாம் ஒரே மாதிரி: “அங்கெல்லாம் எதுக்குப் போவணும்? வூட்டுல டிவியிலயே பாக்கலாமே.” கைவைத்தவனுக்குத் தண்டனை இல்லை, போக நினைத்தவளுக்கு வீட்டுக்காவல்.

பார்க்கிறவளுக்கு இந்த நிலை என்றால் மேடையேறிப் பாடுகிறவளுக்கு? ஆண்களின் இடமாக இருந்த கானாவில் வடசென்னையிலிருந்து வந்தவர் இசைவாணி. பிபிசி 2020இல் வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் அவர் பாடிய ‘ஐ ஆம் சாரி ஐயப்பா’, கோயிலுக்குள் நுழைய எனக்கு ஏன் தடை என்று கேட்கிற பாட்டு. பல ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில் அதைக் கிளறி எடுத்து, அவரைக் கைது செய்யச் சொல்லிப் புகார் கொடுத்தார்கள். ஆபாசமாக ஏசி மிரட்டினார்கள். ஆண் உடம்பில் இருந்துகொண்டு திரௌபதி கேட்டால் கற்பூரம் காட்டுகிற ஊர், ஒரு பெண் தன் சொந்தக் குரலில் கேட்டால் போலீஸுக்குப் போகிறது.

ஆகவே ஒரு நிகழ்ச்சியை எடைபோட நான் வைத்திருக்கிற கேள்வி எளிமையானது. இதில் ஒரு பெண் கேட்கிற கேள்வி கடைசிவரை நிற்கிறதா, இல்லை, அதை அமுக்குகிறவனுக்குக் கைதட்டு விழுகிறதா? ‘எதிர்நீச்சல்’ எனக்குப் பிடிக்கும். இந்தக் கேள்வியில் அது பாதி மார்க்தான் வாங்குகிறது. சமையலறை வசனங்களுக்கு அந்தப் பாதி.

தமிழ்த் துறையிலும் ஊடகத் துறையிலும் படிக்கிற மாணவிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அம்மா பார்க்கிற சீரியலைப் பற்றி எழுதுங்கள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு. எந்த இடத்தில் சிரிக்கிறார், எந்த இடத்தில் எழுந்து போகிறார், எந்தப் பாத்திரத்தைத் திட்டுகிறார் என்று குறித்து வையுங்கள். சினிமாவுக்கு நூறு விமர்சகர்கள் இருக்கிறார்கள். நம் அம்மாக்கள் இத்தனை வருடங்களாகப் பார்த்துவந்ததற்கு இன்னும் ஒரு நல்ல விமர்சன நூல்கூடப் போதுமான அளவு பேசப்படவில்லை. அதை அவர்களிடம் கேட்டுத்தான் எழுத முடியும்.