பக் வருவதற்கு முன்பே

ஐஸ் ஹாக்கியை முதன்முதலாகப் பார்ப்பவரைக் கவர்வது வேகமும் மோதலும்தான். வேய்ன் கிரெட்ஸ்கியின் ஆட்டத்தை ரசிக்க அந்த இரண்டையும் மறக்க வேண்டும். அவர் அணியிலேயே அதிவேகமாகச் சறுக்கியவரும் இல்லை, பலசாலியும் இல்லை. பக் என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு எங்கே வரப்போகிறதோ அங்கே முன்னதாகவே போய் நின்றுவிடுவார். அவருடைய கலை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

அந்தக் கலை கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பிராண்ட்ஃபோர்ட் ஊர் வீட்டின் கொல்லைப்புறத்தில் உருவானது. தொலைபேசி நிறுவன ஊழியரான தந்தை வால்டர், குளிர்காலத்தில் தோட்டத்துத் தண்ணீர்த் தெளிப்பானை ஓடவிட்டுப் புல்தரையை ஐஸ் களமாக்கிவிடுவார். காலி டப்பாக்களை வரிசையாக வைத்து, அவற்றுக்கிடையே பக்கை வளைத்து வளைத்து ஓட்டச் சொல்வார். தொலைக்காட்சியில் ஆட்டம் நடக்கும்போது சிறுவனின் கையில் காகிதமும் பென்சிலும் இருக்கும். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், பக் போகும் தடத்தைக் காகிதத்தில் கோடாக இழுத்துக்கொண்டே போக வேண்டும். கோடுகள் எங்கே அடர்கின்றனவோ அங்கேதான் பக் அதிகம் புழங்குகிறது. பக் போன இடத்துக்கு ஓடாதே, போகப்போகும் இடத்துக்குப் போ என்பதே வால்டரின் பாடம்.

ஆறு வயதில் பத்து வயதுப் பையன்களின் அணியில் ஆடினான். தொளதொளவென்று இருந்த சட்டை மட்டையில் சிக்காமலிருக்க, அதன் வலது ஓரத்தைக் கால்சட்டைக்குள் செருகிவிட்டார் அப்பா. கடைசி ஆட்டம்வரை அந்தச் செருகல் அப்படியே இருந்தது. பத்து வயதில், 1971-72 பருவத்தில், 378 கோல். கூடவே பிற பெற்றோரின் பொறாமையும் வளர, 14 வயதில் ஊரைவிட்டு டொரொண்டோவுக்குப் போனான்.

1977-இல் சூ செயின்ட் மேரி ஊரின் இளையோர் அணியில் சேர்ந்தபோது, ஆதர்ச வீரர் கோர்டி ஹோவின் எண்ணான 9 இன்னொருவரிடம் இருந்தது. அதனால்தான் இவருடைய சட்டை எண் 99 ஆனது. மறு ஆண்டே, 17 வயதில், உலக ஹாக்கி சங்கத்தின் இண்டியானாபொலிஸ் அணியில் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். பணமில்லாத அந்த அணி எட்டே ஆட்டங்களில் அவரை எட்மண்டன் அணிக்கு விற்றுவிட்டது. 1979 ஜனவரி 26, அவருடைய 18-ஆவது பிறந்தநாள். அன்று எட்மண்டன் அரங்கின் நடுக்களத்தில் 21 ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்.

எட்மண்டன் ஆண்டுகளின் ஆட்டத்தில் நின்று ரசிக்க வேண்டிய இடம் கோல் வலையின் பின்புறம். வலைக்கு முன்னால் நின்றால் கனத்த உடம்புக்காரர்கள் இடித்துத் தள்ளுவார்கள். ஒல்லியான கிரெட்ஸ்கி பின்னால் போய்விட்டார். அங்கே வலையே அவருக்கு அரண். கோல்காப்பாளர் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். தடுப்பாட்டக்காரர் வலப்பக்கம் வந்தால் இவர் இடப்பக்கம் வெளிப்படுவார். இருவர் சேர்ந்து வந்தால் முன்னால் ஒரு சகா தனியாக நிற்பான். அவன் மட்டைக்குப் பக் போய்ச் சேர்ந்துவிடும். நேர்வழி அடைபட்டிருந்தால், கேரம் காயைச் சட்டத்தில் மோதவிட்டு எடுப்பதுபோல, பக்கச்சுவரில் பட்டுத் திரும்பும்படி அனுப்புவார். ரசிகர்கள் அந்த இடத்துக்கு ‘கிரெட்ஸ்கியின் ஆபீஸ்’ என்று பெயர் வைத்தார்கள்.

இன்னொரு நுட்பம், எதிரணிப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டைத் தாண்டியதும் போடும் திருப்பம். எல்லோரும் வலையை நோக்கிப் பாய்கிற அந்த நொடியில் இவர் சட்டென்று வளைந்து நின்றுவிடுவார். துரத்தி வந்தவர் வேகத்தில் கடந்து போய்விட, பின்னால் வரும் சகாவுக்குப் பாஸ் கொடுக்க நேரம் கிடைக்கும். எதிராளியின் வேகமே இவருக்கு முதலீடு.

1979-80-இல் எட்மண்டன் அணி தேசிய ஹாக்கி லீகான என்.எச்.எல்.-இல் சேர்ந்தபோது, பெரிய லீகில் இந்தப் பையன் எடுபடமாட்டான் என்றவர்கள் பலர். முதல் பருவத்திலேயே 51 கோலும், சகாவின் கோலுக்கு வழிசெய்த பாஸ்களான அசிஸ்ட் 86-உம் சேர்த்து 137 புள்ளிகள் எடுத்தார். மார்செல் டியோனுக்கும் அதே 137. ஆனால் டியோன் 53 கோல் அடித்திருந்ததால் புள்ளிப் பட்டியலின் முதலிடத்துக்கான ஆர்ட் ராஸ் கோப்பை அவருக்குப் போனது. லீகின் மிகச்சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பை கிரெட்ஸ்கிக்கு வந்தது. இரண்டு பருவம் கழித்து 92 கோல், 212 புள்ளி; முதல் 50 கோலுக்கு 39 ஆட்டங்களே போதுமாக இருந்தன.

கோலைவிட அசிஸ்ட் ஒரு படி கீழே என்றுதான் அந்தக் கோப்பை விதி சொன்னது. காலம் வேறு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அவருடைய 894 கோல் சாதனையை 2025-இல் ஒவெச்கின் என்ற வீரர் தாண்டிவிட்டார். 1,963 அசிஸ்ட்களோ அப்படியே நிற்கின்றன. தம் கோலையும் அசிஸ்டையும் கூட்டிப் பார்த்தாலும்கூட, வேறு எந்த வீரரும் அந்த 1,963-ஐ இன்னும் தொடவில்லை.